பழைய கேமை மாத்துறவன் திருடனா?

மக்களே, இது சண்டைப் பதிவு. ரத்தக் கொதிப்பு உள்ளவங்க பக்கத்து வலைப்பூவுல சமையல் குறிப்பு ஏதாவது இருந்தா படிச்சுட்டு மெதுவா வாங்க :-)

விஷயம் இதுதான். பழைய ப்ளேஸ்டேஷன் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல போட்டு, அதை ஒரு கோப்பா மாத்தி, கையில வச்சு விளையாடுற கேம் கருவியில ஏத்தி ஆடுறது சரியா, தப்பா? நான் சரிங்கிறேன். சரி மட்டும் இல்ல, கையில ஒரிஜினல் டிஸ்க் வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் அது கெட்டுப் போறதுக்குள்ள செஞ்சே ஆகவேண்டிய வேலைங்கிறேன்.

இதுக்கு எதிரா ரெண்டு கோஷ்டி இருக்கு. ரெண்டோடயும் எனக்குத் தகராறு.

முதல் கோஷ்டி நியாயஸ்தர்கள். பெரும்பாலும் என்னை மாதிரியே பொட்டி தட்டுற ஆளுங்க. "அது பைரஸி ப்ரோ, கம்பெனிக்காரன் உழைப்பு ப்ரோ"ன்னு முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டுப் பேசுவாங்க. சொந்தக் காசுல வாங்கின டிஸ்க்கைச் சொந்த மெஷின்ல மாத்துறேன்னு சொன்னாலும் "மாத்துறதே தப்பு"ன்னு தீர்ப்பு எழுதிட்டு, சொம்பை எடுத்துக்கிட்டு அடுத்த பஞ்சாயத்துக்குக் கிளம்பிருவாங்க.

ரெண்டாவது கோஷ்டி பத்தாயிரம் கேம் கோஷ்டி. "பழசுதானே மாப்ள, எல்லாமே ஃப்ரீதான். மெமரி கார்டுல பத்தாயிரம் கேம் போட்டுத் தர்றான், வாங்கிப் போடு"ங்கிற கோஷ்டி.

பார்க்க எதிரும் புதிருமா இருந்தாலும், ரெண்டு பேரும் அடிக்கிறது ஒரே இடத்துலதான். 'இது என் டிஸ்க்'ங்கிற வார்த்தைக்கு மதிப்பே இல்லாம பண்றாங்க. ஒருத்தர் "நீ வாங்கினாலும் அது உன்னோடது இல்ல"ங்கிறாரு. இன்னொருத்தர் "வாங்காட்டியும் எல்லாம் உன்னோடதுதான்"ங்கிறாரு. நடுவுல காசு குடுத்து வாங்கினவன் காணாமப் போயிடுறான்.

முதல்ல இந்த மாத்துற வேலைன்னா என்னன்னு சொல்லிடுறேன். கேம் பக்கமே போகாத பதிவர்களுக்குக் கூட சட்டுனு புரியும். ஏன்னா நம்ம எல்லாருக்கும் இது தெரிஞ்ச கதை. ஒரு காலத்துல இணையத்துல தமிழ்னா டிஸ்கி, டாப், பாமினின்னு ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல திறந்தா ஜிலேபியைப் பிச்சுப் போட்ட மாதிரி தெரியும். 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல தன்னார்வலர்கள் சேர்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செஞ்சு டிஸ்கியில சேர்த்து வச்சாங்க. அப்புறம் யூனிகோட் வந்ததும் அதையெல்லாம் யூனிகோடுக்கு மாத்தினாங்க. நூல்ல ஒரு எழுத்து மாறல. அது உட்கார்ந்திருக்கிற பெட்டி மட்டும்தான் மாறுச்சு. அப்படி மாத்தாம விட்டிருந்தா இன்னைக்கு நம்ம கைபேசியில அது எதையும் படிக்க முடியாது.

கேம் மாத்துறதும் அதே வேலைதான். ப்ளேஸ்டேஷன் ஒன்னு கேம் வந்தது குறுந்தகட்டுல. அந்தத் தகட்டுல இருக்கிறதை அப்படியே உரிச்சா ரெண்டு கோப்பு கிடைக்கும். 'பின்'ங்கிறது மொத்தச் சரக்கு. 'க்யூ'ங்கிறது எந்தப் பாட்டு, எந்தத் தகவல் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற சின்னச் சீட்டு. இதை பிஎஸ்பியில ஓட்டணும்னா 'ஈபூட்'னு ஒரே கோப்பாக் கட்டணும். இன்னைக்கு வர்ற அன்பெர்னிக், மியூ மாதிரி சீனக் கருவிகள்ல ஓட்டணும்னா 'சிஹெச்டி'ன்னு சுருக்கிக்கலாம். சுருக்கினாலும் ஒரு பைட் கூடக் குறையாது, திரும்ப விரிச்சா பழையபடி வந்துரும். அவ்வளவுதான். இதுல எந்த இடத்துல திருட்டு இருக்குன்னு யாராவது விரல் வச்சுக் காட்டுங்க, பார்ப்போம்.

"பூட்டை உடைக்கிறீங்களே!"ன்னு ஒரு நியாயஸ்தர் கேட்டாரு. எந்தப் பூட்டை? ப்ளேஸ்டேஷன் ஒன்னு தகட்டுல உள்ள தகவல் மறையாக்கம் எதுவும் பண்ணப்படாதது. சாதாரண கம்ப்யூட்டர் சிடி டிரைவ்ல போட்டாலே படிக்கும். சோனி வச்ச பூட்டு தகட்டோட உள் ஓரத்துல, பள்ளம் லேசா நெளிஞ்சு போற இடத்துல இருக்கு. அந்த நெளிவுல எந்தப் பிராந்தியத்துத் தகடுன்னு நாலு எழுத்து. ப்ளேஸ்டேஷன் மெஷின் அதைப் பார்த்துட்டுத்தான் 'உள்ள வா'ங்கும். கம்ப்யூட்டர் டிரைவுக்கு அந்த நெளிவு கண்ணுக்கே தெரியாது. நாம அதை உடைக்கல, தொடக்கூட இல்ல. ஐரோப்பாவுல வந்த சில தகடுகள்ல மட்டும் 'லிப்கிரிப்ட்'னு கூடுதலா ஒரு பூட்டு உண்டு. அதுக்குக் கீழ வர்றேன்.

இப்ப சட்டம். நான் வக்கீல் இல்ல. ஆனா ஆயிரம் பக்கம் ஆவணம் படிச்சுக் கோடு எழுதுற பொழப்பு, நாலு பத்தி சட்டம் படிக்க முடியாதா?

நம்ம நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அதுல 52ஆம் பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாதுன்னு பட்டியல் போடுது. அந்தப் பட்டியல்ல 52(1)(ஏடி)ன்னு ஒரு சின்ன வரி இருக்கு. 1999ல செஞ்ச திருத்தத்துல சேர்த்தது. அது சொல்றதை நம்ம பாஷையில சொன்னா: சட்டப்படி நீ சொந்தமா வாங்கின பிரதியில இருந்து, வியாபாரத்துக்கு இல்லாம உன் சொந்த உபயோகத்துக்கு, கணினி நிரலைப் பிரதி எடுக்கலாம், தழுவி மாத்தவும் செய்யலாம். பிரதி மட்டும் இல்ல மக்களே, மாத்தவும் செய்யலாம்! இதுக்கு மேல என்ன வேணும்? கூடவே (ஏஏ)ன்னு இன்னொரு வரி, தொலைஞ்சு போனா, கெட்டுப் போனா கைகுடுக்க ஒரு காப்புப் பிரதி வச்சுக்கலாம்னு சொல்லுது. கேம்ல நிரல் மட்டுமா இருக்கு, பாட்டும் படமும் இருக்கேன்னா, நிரல் அல்லாத படைப்புகளைத் தனிப்பட்ட உபயோகத்துக்கு நியாயமாப் பயன்படுத்திக்க 52(1)(ஏ) இருக்கு.

அப்ப பூட்டு உடைக்கிறது? 2012 திருத்தத்துல 65ஏன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க. பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம். ஆனா முழுசாப் படிக்கணும். உரிமையை மீறணும்ங்கிற நோக்கத்தோட உடைச்சாத்தான் குற்றம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செஞ்சா இந்தப் பிரிவு குறுக்க நிக்காதுன்னும் அதுலயே எழுதியிருக்கு. நான் வாங்கின தகட்டை நானே ஆடுறதுக்கு மாத்துறப்ப யாரோட உரிமையை மீற எனக்கு நோக்கம்? லிப்கிரிப்டுக்கும் இதான் பதில்.

அமெரிக்காவுல 1998ல கொண்டு வந்த டிஎம்சிஏ சட்டம் வேற மாதிரி. அங்க சொந்தப் பொருளா இருந்தாலும் பூட்டுல கை வச்சாலே வம்பு. நம்ம நியாயஸ்தர்கள் பேசுறது பூரா அந்த ஊர்ச் சட்டம். யூடியூப்ல அமெரிக்காக்காரன் பயந்து பயந்து பேசுறதைக் கேட்டுட்டு வந்து, ராஜபாளையத்துல இருக்கிறவனுக்கு உபதேசம் பண்றாங்க. நம்ம சட்டம் இந்த ஒரு விஷயத்துல அவங்க சட்டத்தை விட நல்லாவே இருக்கு. அதைத் தெரிஞ்சு வச்சுக்கக் கூட நமக்குச் சோம்பேறித்தனம்.

இன்னொண்ணு, "எமுலேட்டரே சட்டவிரோதம்"னு ஒரு கதை சுத்துது. கனெக்டிக்ஸ்னு ஒரு கம்பெனி ப்ளேஸ்டேஷன் கேமை மேக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற மென்பொருள் எழுதுச்சு. சோனி கேஸ் போட்டுச்சு. 2000ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. சோனி என்ன பண்ணுச்சு தெரியுமா? 2001ல அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி இழுத்து மூடிருச்சு. கோர்ட்டுல ஜெயிக்க முடியாததைக் காசால முடிச்சாங்க.

இதைவிட வேடிக்கை 2018ல நடந்துச்சு. சோனி 'ப்ளேஸ்டேஷன் கிளாசிக்'னு ஒரு குட்டிப் பெட்டி விட்டாங்க. இருபது பழைய கேம். அதுக்குள்ள ஓடுற எமுலேட்டர் எது? பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். திறமூல ஆட்கள், தன்னார்வலர்கள், 'திருட்டுக்குத் துணை போறவங்க'ன்னு நம்ம நியாயஸ்தர்கள் திட்டுற அதே ஆளுங்க, வருஷக்கணக்கா ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினது. இன்னைக்கு நம்ம சீனக் கருவிகள்ல ப்ளேஸ்டேஷன் ஒன்னு கேம் ஓட்டுறதும் பெரும்பாலும் அதேதான். சோனி பயன்படுத்தினா தொழில்நுட்பம், நான் பயன்படுத்தினா பைரஸியா? என்னங்க நியாயம் இது!

அதுலயும் கொடுமை, அந்தப் பெட்டியில வந்த டெக்கன் 3 'பால்' பதிப்பு. பால்னா ஐரோப்பா, வளைகுடா, இந்தியா எல்லாம் அந்தக் காலத்து டிவிக்குப் பயன்படுத்தின முறை. நொடிக்கு 50 படம். அமெரிக்கா, ஜப்பான்ல 60. அந்தக் காலத்து கேம் பலதும் படத்தை எண்ணித்தான் ஓடும். அதனால பால் பதிப்புல ஆட்டமே ஆறுல ஒரு பங்கு மெதுவாத் தெரியும். ஒரிஜினல் கம்பெனியே தன்னோட கேமைத் தப்பான பதிப்புல அடைச்சு வித்துச்சு. எங்க மாமா துபாய்ல இருந்து கொண்டு வந்து குடுத்த டெக்கன் 3 தகடும் பால்தான். ஆனா என் கருவியில எந்தப் பதிப்பு, எந்த வேகம், திரை எவ்வளவு பெரிசுன்னு நான் தீர்மானிக்கிறேன். அந்தத் தகட்டை 2019ல மாத்தினேன். போன வருஷம் அதே தகட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பாதியில டிரைவ் 'கர்ர்ர்'னு இழுத்து நின்னுருச்சு. மேல்பூச்சுல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. வெளிச்சத்துல பிடிச்சா நட்சத்திரம் தெரியுது. தகடு செத்துருச்சு. ஆட்டம் சாகல. எனக்கு இதுக்கு மேல ஒரு வாதம் தேவையே இல்ல.

ஆனா உங்களுக்குத் தேவைப்படலாம். "கம்பெனி பத்திரமா வச்சிருப்பான், மறுபடி விப்பான், அப்ப வாங்கிக்கலாமே"ன்னு நினைக்கிற அப்பாவிகளுக்காகச் சொல்றேன்.

கொனாமி கம்பெனி 2012ல சைலன்ட் ஹில் பழைய கேமைப் புதுப்பிச்சு விட்டப்ப, முடிச்ச கேமோட மூல நிரல் அவங்ககிட்டயே இல்ல. பாதி வெந்த நிரலை வச்சு ஒப்பேத்துனாங்க. பிழையோட வந்துச்சு. அதாவது கடையில 2001ல காசு குடுத்து வாங்கினவன் வீட்டுத் தகட்டுல முழு கேம் இருக்கு, செஞ்ச கம்பெனிகிட்ட இல்ல.

ஜிடிஏ வைஸ் சிட்டியை எடுத்துக்கங்க. 2002 கேம். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல அதை ஆடாத பய யாரு? காருக்குள்ள ஏறினா ரேடியோ பாடும், அதுதான் அந்த கேமோட உசுரு. பாட்டுக்கு வாங்கின உரிமம் காலாவதி ஆனதும், 2012 கடைசியில ஸ்டீம் கடையில இருந்து அதைத் தூக்கி, சில பாட்டை வெட்டிட்டுத்தான் திரும்ப விட்டாங்க. 2021ல வந்த புதுப் பதிப்புல மைக்கேல் ஜாக்சன் பாட்டு கிடையாது. அந்தப் புதுசு வர்றதுக்கு முன்னாடி பழைய மூணு கேமையும் கடையில இருந்து எடுத்தாங்க. புதுசு பிழையோட வந்து ஊரே காறித் துப்பின பிறகுதான் கம்ப்யூட்டர் பதிப்பை மட்டும் திருப்பிக் குடுத்தாங்க. முழுப் பாட்டோட வைஸ் சிட்டி வேணும்னா 2002 தகட்டைத்தான் தேடணும்.

ஈஏ கிரிக்கெட் 07? 2006 கடைசியில ப்ளேஸ்டேஷன் 2க்கும் கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு. நம்ம வீரர்கள் பேரை எழுத்து மாத்தி மாத்திப் போட்டிருந்தாங்க, ஏன்னா உரிமம் இல்ல. அதுக்கப்புறம் ஈஏ கிரிக்கெட்டே பண்ணல. இந்த கேமை எந்த டிஜிட்டல் கடையிலயும் போட்டு விக்கவும் இல்ல. இந்தியாவுல ஒரு தலைமுறையே ஆடின கேம். காசு குடுக்கத் தயாரா நிக்கிறேன், வாங்க ஆள் இல்ல!

டிஜிட்டலா வாங்கினவங்க கதை இதை விட மோசம். பிஎஸ்பியில இருந்தே ஆன்லைன்ல கேம் வாங்குற வசதியை சோனி 2021 ஜூலையில நிறுத்திருச்சு. நின்டெண்டோ 3டிஎஸ் கடை 2023 மார்ச் 27ல மூடியாச்சு. அமெரிக்காவுல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு 2023ல ஆய்வு பண்ணுச்சு. அங்க 2010க்கு முன்னாடி வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் எந்தக் கடையிலயும் கிடைக்காதாம். அது பணக்கார ஊரு நிலைமை. நம்ம ஊர் நிலைமையை எண்ணிப் பார்க்கக்கூட ஆள் இல்ல.

பதிப்புரிமை முடியட்டும்னு காத்திருக்கலாமா? நம்ம சட்டப்படி குறைஞ்சது அறுபது வருஷம். 1998 டெக்கனுக்கு 2058. என் தகடு இருபத்தஞ்சு வருஷம் தாண்டறதுக்கே நாக்குத் தள்ளிருச்சு. அறுபது வருஷத்துக்கு உரிமையைப் பூட்டி வச்சிருக்கிற சட்டம், அறுபது வருஷம் தாங்குற தகட்டைக் குடுக்கலையே. அப்ப நடுவுல யாராவது மாத்தி வச்சே ஆகணும். கம்பெனி செய்யல. வேற யாரு, நாமதான்.

இது புதுசு இல்ல, நம்ம ஆளுங்க காலங்காலமா செஞ்சதுதான். ஓலை சில நூறு வருஷம்தான் தாங்கும், அப்புறம் செல்லரிச்சிரும். அதனாலதான் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டுல எழுதி எழுதி வச்சாங்க. எழுதாம விட்டது ஆடிப்பெருக்குல ஆத்தோட போச்சு. மிச்சம் இருந்ததைத் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் வீடு வீடா அலைஞ்சு தேடி அச்சுல ஏத்தினாரு. சீவக சிந்தாமணி 1887ல அச்சாச்சு. ஓலையில இருந்து ஓலைக்கு, ஓலையில இருந்து காகிதத்துக்கு, காகிதத்துல இருந்து டிஸ்கிக்கு, டிஸ்கியில இருந்து யூனிகோடுக்கு. மாத்தாத எதுவும் நம்ம கைக்கு வந்து சேரல.

"சிந்தாமணியும் டெக்கனும் ஒண்ணா?"ன்னு தமிழார்வலர் யாரும் அருவாளைத் தூக்காதீங்க. ஒண்ணு இல்ல. ஆனா அழியுற விதம் ஒண்ணுதான்.

அதுலயும் நம்மளுதுன்னு சில கேம் இருக்கு. 'ஹனுமான்: பாய் வாரியர்', 2009, ஹைதராபாத்ல அரோனா டெக்னாலஜீஸ் செஞ்சது. இந்தியாவுலயே செஞ்ச முதல் ப்ளேஸ்டேஷன் 2 கேம். சாமியை கேம்ல ஆட்டுறதான்னு வெளிநாட்டுல எதிர்ப்பெல்லாம் கிளம்புச்சு. 'தேசி அட்டா', அதே 2009, கேம்சாஸ்திரா, அதுவும் ஹைதராபாத். கபடி, கில்லின்னு நம்ம தெரு விளையாட்டை எல்லாம் ப்ளேஸ்டேஷன் 2க்கும் பிஎஸ்பிக்கும் கொண்டு வந்தது. மும்பை ட்ரைன் கேம்ஸ் 2010ல விட்ட 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்', 2011ல விட்ட 'ரா ஒன்'. ஆட்டமா நல்லா இருந்துச்சான்னா, உண்மையைச் சொல்லணும்னா சுமார்தான். ஆனா நம்ம ஊர்ப் பசங்க ஒரு ஜப்பான் மெஷின்ல நிரல் எழுதப் பழகின முதல் தடயம் அது. மரியோவைக் காப்பாத்த உலகம் பூரா ஆள் இருக்கு. கில்லியைக் காப்பாத்த டோக்கியோவுல இருந்தா வருவான்? மதுரையிலயோ சிவகாசியிலயோ யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல கிடக்கிற தகடுதான் அதுக்குக் கதி.

சரி, இப்ப ரெண்டாவது கோஷ்டி பக்கம் திரும்புறேன். "ஆஹா, நம்ம ஆளு!"ன்னு இதுவரைக்கும் விசில் அடிச்சவங்க இனிமே திட்டலாம்.

எங்க பக்கம் கிருஷ்ணன்கோவில்ல இருந்து ராஜபாளையம் வரைக்கும் ரோட்டோரம் செல்போன் கடைக்குப் பஞ்சமே இல்ல. அதுல ஒரு கடையில (பேரு வேண்டாம்) கண்ணாடிப் பெட்டிக்குள்ள கேம் கருவி தொங்குது. "உள்ளயே பத்தாயிரம் கேம் இருக்கு தம்பி"ங்கிறாரு. பத்தாயிரம் கேமையும் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆடினாலே, தூங்காம திங்காம ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இது ஆடுறதுக்கா, எண்ணிப் பார்க்கிறதுக்கா?

நான் வாங்கிப் பார்த்த பையன்களோட கார்டைப் பார்த்திருக்கேன். ஒரே கேம் நாலு பேர்ல நாலு தடவை. பாட்டு இல்லாத கேம். பாதியில தொங்குற கேம். ஜப்பான் பதிப்பு, ஒண்ணும் புரியாது. கார்டு எந்தக் கம்பெனின்னே தெரியாத ரகம், ஆறு மாசத்துல சேமிப்போட சேர்ந்து மண்டையைப் போடும். அந்தப் பத்தாயிரத்துல எதையும் யாரும் முடிச்சதா நான் பார்த்ததே இல்ல. அஞ்சு நிமிஷம், அடுத்தது, அஞ்சு நிமிஷம், அடுத்தது. கல்யாணப் பந்தியில ஒவ்வொரு இலையிலயும் ஒரு வாய் வச்சுட்டு ஓடுற மாதிரி.

அது ரசனைப் பிரச்சினை, விடுங்க. சட்டப்படி சொல்றேன். நமக்குக் கவசமா இருக்கிற அந்த (ஏடி) வரியில மூணு சொல் இருக்கு. சட்டப்படி வாங்கினது, வியாபாரம் இல்லாதது, சொந்த உபயோகம். இந்தக் கார்டு வியாபாரம் மூணையும் மிதிக்குது. 2025ல இத்தாலியில, கேம் ஏத்தின கருவிகளைப் பத்திப் படம் போட்ட ஒரு யூடியூபர் வீட்டுலயே போலீஸ் சோதனை நடந்துச்சு. நாளைக்கு இங்கயும் ஒரு கம்பெனி கேஸ் போட்டா, இந்த வியாபாரிங்களைக் காட்டித்தான் போடுவான். அப்ப 'மாத்துறதே தப்பு'ன்னு சட்டத்தைத் திருத்தினா, பரண்ல தகடு வச்சிருக்கிறவனும் சேர்ந்து மாட்டுவான். பத்தாயிரம் கேம் வியாபாரி எனக்குக் கூட்டாளி இல்ல, என் வாதத்துக்குக் கொள்ளி வைக்கிறவன்.

"பெரிய யோக்கியன்! நம்ம ஊர்ல எவன்டா ஒரிஜினல் தகடு வாங்கினான்?"னு ஒரு நண்பன் போன்ல கத்தினான். நியாயமான கேள்வி. ப்ளேஸ்டேஷன் 2ல சிப் போட்டு, ரிச்சி தெருவுல பேனாவால பேரு எழுதின தகடு வாங்கி ஆடின ஊருதான் இது. ஒரு கேமுக்கு அவ்வளவு காசு கேட்டா வேற என்ன நடக்கும்? அதைப் பத்தி நான் யாருக்கும் ஒழுக்கப் பாடம் எடுக்கல. ஆனா பேனாவால எழுதின தகட்டுக்கு (ஏடி) வரி பொருந்தாது, அதைப் பொருந்தும்னு நான் பொய் சொல்லவும் மாட்டேன். அன்னைக்கு வாங்க முடியல, இன்னைக்கு முடியுது. பழைய ஒரிஜினல் தகடு பலதும் இப்ப செகண்ட் ஹேண்ட்ல ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோட போற காசுக்குள்ள கிடைக்குது. சம்பளம் வாங்குற நாம பிடிச்ச அஞ்சு கேமைத் தேடிப் பிடிச்சு வாங்கலாம். பத்தாயிரம் வேண்டாம், அஞ்சு போதும். அந்த அஞ்சும் உன்னோடதா இருக்கும்.

செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு, மாத்திப் பார்த்த அனுபவத்துல நாலு வார்த்தை.

பிஎஸ்1 தகட்டை ஐஎஸ்ஓவா உரிக்காதீங்க. தகட்டுல ஒரு பிரிவுக்கு 2352 பைட். ஐஎஸ்ஓ அதுல 2048ஐ மட்டும்தான் எடுக்கும். பாட்டும் நடுவுல வர்ற படமும் போயிரும். பின், க்யூ ரெண்டும் எடுங்க.

மாத்தி முடிச்சதும் கையெழுத்து எண்ணைச் சரி பாருங்க. அதாவது கோப்புக்கு ஒரு கைரேகை மாதிரி எண் வரும். ரெண்டு தடவை உரிச்சு ரெண்டும் ஒத்துப் போனா நல்ல பிரதி.

ஈபூட் மட்டும் வச்சுட்டு மூலத்தை அழிக்காதீங்க. பிஎஸ்பிக்காகக் கட்டின கோப்பு நாளைய கருவிக்கு ஒத்து வராமப் போகலாம். சிஹெச்டியை மூலப் பிரதியா ரெண்டு இடத்துல வைங்க.

முக்கியமா, மாத்தியாச்சேன்னு தகட்டை விக்காதீங்க. தகட்டை வித்துட்டா அந்தப் பிரதிக்கு உங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு? தகடும் பிரதியும் சேர்ந்தே இருக்கணும்.

கடைசியா அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் (படிக்கவா போறாங்க, இருந்தாலும்). 1954ல ஒரு சட்டம் போட்டு, நாட்டுல வெளியாகுற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு பிரதி நம்ம சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நாலு நூலகத்துக்கு வரணும்னு வச்சாங்க. மொக்கைப் புத்தகம்னு பார்க்காம எல்லாம் வரணும். அதனாலதான் இன்னைக்கும் கிடைக்குது. இந்தியாவுல செஞ்ச கேமுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. பாரதி பாட்டோட உரிமையை 1949லயே அரசு வாங்கி மக்களுக்குக் குடுத்த மாநிலம் இது. நாட்டுடைமைங்கிற யோசனையை உலகத்துக்கே சொல்லிக் குடுக்கலாம். 2023ல மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்களே, அதுல ஒரே ஒரு அலமாரி ஒதுக்கி, இந்தியாவுல செஞ்ச பழைய கேம் தகடுகளை வாங்கி, மாத்தி வச்சா என்ன குறைஞ்சுரும்? கைவிட்ட கம்பெனிகிட்ட உரிமையை வாங்குறதுக்கு ஒரு மேம்பாலத் தூணோட செலவு கூட ஆகாது.

அது நடக்கிறப்ப நடக்கட்டும். அதுவரைக்கும் வேலை நம்மளுது. நியாயஸ்தர்களே, அடுத்தவன் நாட்டுச் சட்டத்தை வச்சு என்னைத் திருடன்னு சொல்றதை நிறுத்திட்டு நம்ம சட்டத்தைப் படிங்க. பத்தாயிரம் கேம் நண்பர்களே, கார்டைத் தூக்கிப் போட்டுட்டு அஞ்சு தகடு வாங்குங்க. மத்தவங்க எல்லாரும் இந்த ஞாயித்துக்கிழமை ஏணியைப் போட்டுப் பரண் ஏறிப் பாருங்க. ஹனுமானோ தேசி அட்டாவோ கிடைச்சா, துடைச்சு, டிரைவ்ல போடுங்க. இன்னைக்குப் படிக்கிற தகடு அடுத்த தீபாவளிக்குப் படிக்கும்னு எந்த உத்திரவாதமும் இல்ல.

திட்டணும்னா பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம். ஆனா ஒரு நிபந்தனை: 52(1)(ஏடி) படிச்சுட்டு வந்து திட்டணும் :-)